ரக்பிக்கு லீக்கே வந்துவிட்டது, இன்னும் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எதற்கு?

சேலத்தில், ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லித் தருகிறேன். அதனால் இது என்னையே கேட்ட மாதிரி இருக்கிறது.

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில், சென்னை புல்ஸ் டெல்லி ரெட்ஸை 41-0 என்று வென்றது. எங்கள் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் அணிப் பட்டியலைப் பாருங்கள். ஓர் அணிக்கு 13 பேர், அதில் இந்தியர் ஐந்தே பேர். அந்த ஐந்தை எட்டாக்க ஏலத்தால் முடியாது. சின்ன வயதிலேயே பந்தைத் தொட்ட பிள்ளைகள் வேண்டும்.

ஏன் சின்ன வயது? எங்கள் பையன்கள் கபடியில் வளர்ந்தவர்கள். ஆளைத் தொடையில் பிடித்து நிறுத்த நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பாஸ்தான் வராது. ரக்பியில் பந்தை முன்னால் வீசக்கூடாது. ஓடிக்கொண்டே கழுத்தைத் திருப்பி, பின்னால் வருகிறவன் நெஞ்சுக்கு நேராகப் பந்தை விட வேண்டும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அது கைவர நாலு மாதம் ஆனது. எங்கள் மைதானமோ கட்டாந்தரை, விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். அதனால் இடுப்பில் துணிப்பட்டை செருகிக்கொள்வார்கள், அதை உருவினால் ஆளைப் பிடித்த கணக்கு. மழை பெய்து தரை இளகின நாளில் மட்டும் நிஜமாகப் பிடித்துப் பழகுவோம்.

மேற்கு வங்கத்தில் சரஸ்வதிபூர் என்று ஒரு தேயிலைத் தோட்டம். கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் ரக்பி கிளப் ஆட்கள் அங்கே போய்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் இந்திய அணி வரை போனார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகளும் மேடு ஏறி இறங்கியே வளர்கிறவர்கள்தானே?

நம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி மேலே வந்தவர். அவருக்கு ஊருக்கு ஊர் டோர்னமென்ட் இருந்தது. ரக்பி ஆடும் எங்கள் பிள்ளைகளுக்கு எதிரணியே கிடையாது, தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடுகிறார்கள். லீக் அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை சேலம், நாமக்கல், தருமபுரிப் பள்ளிகளைக் கூப்பிட்டு அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டி வைக்கட்டும். பரிசுப் பணம்கூட வேண்டாம். வேன் பிடித்து நாங்களே வந்துவிடுவோம்.