பிஎம் கிசான் பணம்: வராதவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வேளாண்மைத் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாயை 2,000 வீதம் மூன்று தவணையாகத் தரும் பிஎம் கிசான் திட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், பணம் போட்டாச்சு என்று இணையத்தில் காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒரு பைசா இல்லை. யார் எடுத்தார்கள்?

பெரும்பாலும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நீங்கள் வேறு பாஸ்புக்கைப் பார்க்கிறீர்கள். பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் விழும். விண்ணப்பத்தில் ஒருவர் கூட்டுறவு வங்கிக் கணக்கை எழுதியிருப்பார். எப்போதோ கைபேசிக் கடையில் கைரேகை வைத்தபோது திறந்த கணக்கில் நாலு தவணை சேர்ந்து கிடக்கும். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள், வங்கியின் பெயர் தெரியும்.

ஐயா, அப்பா 2021இல் தவறிவிட்டார். நிலம் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. அண்ணனும் நானும் தனித்தனியாக வாங்க முடியுமா?

முடியும். 1.2.2019க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. முதலில் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் பட்டா மாறுதல். கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக உரிமை உண்டு. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயதாகாத பிள்ளைகள். அப்பா இறந்த பிறகும் அவர் கணக்கில் தவணை விழுந்திருந்தால் தொடாதீர்கள், திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அப்படியானால் 2022இல் கிரயம் வாங்கிய எனக்கு?

இல்லை. இறந்தவரின் வாரிசுக்குத் தந்த விலக்கு கிரயத்துக்குப் பொருந்தாது.

பதினைந்து வருடமாகக் குத்தகைக்கு உழுகிறேன். பணம் நிலக்காரருக்குப் போகிறது. அவர் சென்னையில் இருக்கிறார். இது நியாயமா சார்?

நியாயமில்லை. வயலில் இறங்குகிறவரைக் கணக்கெடுப்பது கடினம், பதிவேட்டைப் பார்ப்பது எளிது என்பதால் திட்டத்தைப் பட்டாவோடு கட்டிவிட்டார்கள். உங்களுக்குத் திறந்திருக்கும் வழி பயிர்க் காப்பீடு. அதில் குத்தகைதாரரும் சேரலாம். நெல் போன்ற உணவுப் பயிருக்குக் காரிஃப் என்ற மழைக்காலப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும் ராபி என்ற குளிர்காலப் பருவத்தில் 1.5 சதவீதமும்தான் நீங்கள் கட்ட வேண்டியது. விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) அடங்கலை, அதாவது யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவை, உங்கள் சாகுபடி என்று எழுதி வாங்குவதில்தான் சிக்கல். பணம் உங்கள் கைக்குப் போய்விடுமோ என்று நிலக்காரர்கள் பயப்படுவார்கள். அடங்கலில் பெயர் ஏறினால் நிலத்தின் மேல் உரிமை வந்துவிடும் என்றும் நினைப்பார்கள். கடைசி தேதி வரை காத்திருக்காமல் விதைத்த கையோடு போய்க் கேளுங்கள்.

எதற்கு இத்தனை கேஒய்சி (ஆளை ஆதார் மூலம் உறுதிசெய்யும் பதிவு), இத்தனை சரிபார்ப்பு?

2020இல் நடந்ததை மறந்துவிட்டீர்களா? கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை எனப் பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களையும் விவசாயியாகச் சேர்த்துவிட்டார்கள். அதிகாரிகளின் கடவுச்சொல் இடைத்தரகர் கையில் இருந்தது. தகுதியில்லாதவர்கள் 5 லட்சத்துக்கு மேல், போன தொகை 110 கோடி அளவில். சிபிசிஐடி வழக்கு, கணக்கு முடக்கம், வசூல் என்று ஓடியது. அந்தக் கூத்துக்கான தண்டனையை இப்போது கைரேகை தேய்ந்த கிழவிகள் அனுபவிக்கிறார்கள். கைரேகை விழவில்லையென்றால் முகத்தைக் காட்டிப் பதியும் வசதி இருக்கிறது, இ-சேவை மையத்தில் அதைக் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓய்வூதியம் 22,000. இரண்டு ஏக்கர் இருக்கிறது. எனக்குக் கிடைக்குமா?

ஓய்வூதியம் மாதம் 10,000 வந்தாலே தகுதி போய்விடும், ஐயா.

"கிசான் தவணைக்கு இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தொடலாமா?

தொடாதீர்கள். ஏற்கெனவே நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு உடனே வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள்.