திறப்பைத் தந்தவர் காணியைத் தரவில்லை

கேள்வி: 1990இல் பக்கத்து வளவு ஐயா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறும்போது, ‘பார்த்துக்கொள் தம்பி’ என்று வீட்டுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. வேலியடைத்து, தேங்காய் பறித்து, இன்றுவரை நான்தான் ஆள்கிறேன். இப்போது அவருடைய மகள் காணியைக் கேட்கிறார். பத்து வருடம் ஆண்டால் காணி எனக்குத்தான் என்கிறார் சட்டத்தரணி. சட்டம் என் பக்கம் இருக்கும்போது மனச்சாட்சியையும் பார்க்க வேண்டுமா?
– வாசகர், நிலாவெளி, திருகோணமலை

பதில்: பார்க்கத்தான் வேண்டும்.

அந்தப் பத்து வருடக் கணக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. சாட்சிகள் செத்துப்போவார்கள், உறுதிகள் தொலைந்துபோகும். ஒரு துண்டுக் காணிக்காக மூன்று தலைமுறை கோர்ட் வாசலில் நிற்கக்கூடாது. அதற்காக வந்த ஏற்பாடு அது. வழக்குக்கு ஒரு முடிவு கட்டும், அவ்வளவுதான். காணியை ஆண்டுவந்தவர் செய்தது நியாயம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

சரி, சட்டத்தையே பார்ப்போம். உரிமைக்காரரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக ஆண்டிருந்தால்தான் அந்தப் பத்து வருடம் செல்லும். நீங்கள் அவர் சொல்லித்தானே உள்ளே போனீர்கள்? நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவர், அந்த நம்பிக்கையை வெளிப்படையாக முறிக்காதவரை, எத்தனை வருடமானாலும் பொறுப்பாளர்தான்.

ஷெல்லுக்குப் பயந்து ஓடியவர் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இருந்துகொண்டு இங்கே எப்படி வழக்குப் போடுவார்? இந்த அநியாயம் உறைத்துத்தான் 2016இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். யுத்தத்தால் தம் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது அது. ஆனால் அதற்கும் ஒரு காலக்கெடு வைத்தார்கள். கடல்கடந்து போனவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? கெடு முடிந்தால் கோர்ட் கதவு மூடலாம். அந்த ஐயா உங்களிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தைக்குக் கெடு ஏது?

உங்கள் உழைப்பைச் சும்மா விடச் சொல்லவில்லை. வேலிக்கும் கிணற்றுக்கும் கூரைக்கும் செலவழித்ததை எழுதி வையுங்கள், பறித்த தேங்காயையும் அதே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு மகளிடம் பேசுங்கள். அவர் விற்க நினைத்தால் முதலில் உங்களிடம் கேட்கட்டும், நியாய விலைக்கு நீங்களே வாங்கலாம்.

அதற்கு முன் சட்டத்தரணியிடம் ஒருமுறை போய், திறப்பைத் தந்த கதையையும் சொல்லுங்கள். எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லியிருந்தால், காணி உங்களுக்குத்தான் என்று அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கமாட்டார்.