படகும் இழுக்க வேண்டும், குடும்பமும் போக வேண்டும்: எந்த ஃபோர்வீல் வாங்கலாம்?

கேள்வி: வல்வெட்டித்துறையில் இருக்கிறேன். 40 குதிரைவலு எஞ்சினோடு 18 அடி பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். சோளகம், வாடை பார்த்து மன்னார்ப் பக்கமும் முல்லைத்தீவுப் பக்கமும் வாடி (கரையில் தங்கித் தொழில் செய்யக் கொட்டில்) போடுவோம். ஒவ்வொரு முறையும் லொறி பிடித்துக் கட்டாது, ட்ரெயிலரில் நானே இழுத்துக்கொண்டு போக யோசிக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியாரோடு நுவரெலியா, கதிர்காமம் போகவும் அதே வாகனம் வேண்டும். புரோக்கர் ஒருவர் பழைய மிற்சுபிசி மொன்ரரோ ஜீப்பைக் காட்டி மூன்று தொன் இழுக்கும் என்கிறார். மச்சான் ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த பெட்டி) எடு என்கிறார். எது சரி?

பதில்: உங்கள் மச்சான் சொல்வது சரி. ஹைலக்ஸில் 2005 தொடக்கம் 2015 வரை வந்த, இங்கே எல்லோரும் வீகோ என்று சொல்கிற மாதிரி. 3 லீற்றர் டீசல் எஞ்சின், கை கியர். உங்கள் தேவைக்கு நான் அதைத்தான் தேடுவேன். மொன்ரரோ கூடாத வாகனம் இல்லை. நுவரெலியாப் பயணம் மட்டும்தான் என்றால் அதையே எடுங்கள் என்று சொல்லியிருப்பேன், பின்னுக்கு இருக்கிற மாமியாருக்கு அதுதான் சுகம். ஆனால் நீங்கள் உப்புத் தண்ணீரோடு வேலை செய்கிறவர். அங்கேதான் முடிவு மாறுகிறது.

முதலில் அந்த மூன்று தொன் கதை. புரோக்கர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். அந்த ஜீப்புக்குப் பல நாடுகளில் கம்பனி கொடுத்த இழுவை அளவு 3,000 கிலோதான். ஆனால் அது ட்ரெயிலருக்கே தனியாகப் பிரேக் பூட்டியிருந்தால். பிரேக் இல்லாத ட்ரெயிலர் என்றால் மொன்ரரோவோ ஹைலக்ஸோ பிராடோவோ, இந்த வகை வாகனங்களின் கைநூலில் வழக்கமாக இருக்கிற எண் 750 கிலோ. படகு, ட்ரெயிலர், எஞ்சின், எண்ணெய்க் கான், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்துத்தான் அந்த 750. இங்கே வெல்டிங் கடைகளில் செய்கிற படகு ட்ரெயிலர்களில் பிரேக் பூட்டியதைக் காண்பது அரிது. ஆகவே இரண்டு தொன்னா மூன்று தொன்னா என்று வாகனத்தில் தேடிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. பிரேக் உள்ள ட்ரெயிலர் என்றால் வீகோவும் 2 தொன்னுக்கு மேல் இழுக்கும், உங்கள் படகுக்கு அது தாராளம். பிரேக் இல்லை என்றால் இரண்டும் ஒன்றுதான்.

படகின் பாரத்தை ஊகிக்காதீர்கள். பழைய பைபர் தண்ணீர் குடித்திருக்கும், திருத்தித் திருத்திப் பூசிய பைபரும் ஏறியிருக்கும். லொறி நிறுக்கிற தராசு உள்ள இடத்துக்கு ஒருநாள் கொண்டுபோய், வாடிக்குப் போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். ஒருமுறை கிடைக்கிற அந்த எண் புரோக்கர் தருகிற எல்லா எண்களையும் விடப் பெறுமதியானது.

அடுத்து கொழுக்கியில் இறங்குகிற பாரம். ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று வாகனத்தின் கொழுக்கியில் இறங்க வேண்டும். 900 கிலோ என்றால் 90 கிலோ. அது குறைந்தால் ட்ரெயிலர் பின்னுக்குப் பாரமாகி, வேகம் கூடும்போது வால் ஆட்டத் தொடங்கும். கூடினால் வாகனத்தின் மூக்கு தூக்கும், ஸ்டியரிங் பிடிமானம் விட்டுப்போகும். படகில் இந்தக் கணக்கு எப்போதும் பிழைப்பது எஞ்சினால்தான். எஞ்சின் படகின் பின்பக்கம் தொங்குகிறது, வலையும் பின்னுக்குக் கிடக்கிறது, கொழுக்கியில் ஒன்றும் இறங்குவதில்லை. சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது வாடைக்காற்று பக்கத்தால் அடிக்கும். அங்கே ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். அப்படி ஆடினால் பிரேக்கை அமத்தாதீர்கள். அக்சிலரேற்றரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

டபிள் கப் எடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். எஞ்சினையும் வலையையும் எண்ணெய்க் கான்களையும் படகில் இருந்து இறக்கி வாகனத்தின் பின்பெட்டியில் போடலாம். ட்ரெயிலர் இலேசாகும், பாரம் சரியான இடத்துக்கு வரும், பெற்றோல் மணமும் மீன் வெடுக்கும் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு வராது. ஜீப்பில் இதெல்லாம் பின் இருக்கைக்குப் பின்னால், குடும்பம் மூச்சு விடுகிற அதே இடத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் பின்பெட்டியில் போடுவதும் கொழுக்கிப் பாரமும் ஆட்களின் பாரமும் எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும். வாகனத்துக்கு அனுமதித்த மொத்தப் பாரத்துக்கு உள்ளே அவ்வளவும் நிற்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சசி, அதாவது வாகனத்தைத் தாங்குகிற அடிச்சட்டம். ஹைலக்ஸ் ஏணி மாதிரித் தனிச் சசியின் மேல் உடம்பை வைத்துப் பூட்டியது. 1999 க்குப் பிறகு வந்த மொன்ரரோவில் தனிச் சசி கிடையாது, உடம்போடு சேர்த்தே செய்தது. தார் வீதியில் அது நல்ல ஓட்டம் ஓடும். ஆனால் உப்பு ஏறினால் தகடும் தகடும் சேரும் மடிப்புக்குள் துருப்பிடிக்கும், அதை வெளியில் இருந்து பார்க்க முடியாது. தனிச் சசியை ஒரு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், உக்கினது பொத்தென்று கேட்கும். பின் வில்லுத்தகடு தொங்குகிற இடம், எண்ணெய்த் தாங்கிக்கு மேல் போகிற குறுக்குச் சட்டம், பின் சில்லுகளுக்குப் பின்னால் உள்ள பகுதி, இந்த மூன்றையும் கட்டாயம் தட்டுங்கள். சசியின் ஓட்டைகளுக்குள் போனை விட்டு வெளிச்சம் போட்டுப் படம் எடுங்கள்.

அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த வாகனத்தை வாங்காதீர்கள். அதை அழுத்திச் சொல்கிறேன். பத்து வருடம் ஓடிய வாகனத்துக்கு விற்கிற கிழமையில் அடியில் பூச்சு அடிக்க நேர்மையான காரணம் ஒன்றும் இல்லை. துருவின் மேல், வெல்டிங்கின் மேல், சில வேளை சசி நம்பரின் மேலேயே அடித்து விடுகிறார்கள். வீகோவில் நம்பர் வலப்பக்க முன் சில்லுக்குக் கிட்டச் சசியில் குத்தியிருக்கும். சுரண்டித் துடைத்து, எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விபத்தில் நசிந்த இரண்டு வாகனத்தை வெட்டி ஒன்றாக ஒட்டி விற்கிற வேலை நடக்கிறது. அப்படி ஒட்டிய சசியில் கொழுக்கி பூட்டிப் படகு இழுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த ஏமாற்று இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போடுகிறார்கள். இந்த வரியில் கடற்றொழில் செய்கிற ஒருவர் புதுசு வாங்குவதை நினைக்க முடியுமா? ஆகவே உடைக்க வேண்டிய வாகனத்துக்கும் உயிர் கொடுத்து விற்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம், அங்கே பார்ப்பது புகையைத்தான். சசி உக்கியிருக்கிறதா என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது. "புகைச் சேர்ட்டிபிக்கட் இருக்கு, வாகனம் கிளீன்" என்று புரோக்கர் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள்.

புத்தகத்தையும் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்கிறவர் முழுக்காசு கட்டி முடித்துப் பெயரை நீக்கிய பிறகுதான் காசு கைமாற வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதை விடப் பெரிய பொறி ஓப்பின் பேப்பர். பதிவில் உள்ளவர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். அவர் கையெழுத்து வைத்த, வாங்குகிறவர் பெயர் எழுதாத மாற்றப் படிவம் நாலு கை மாறி உங்களிடம் வரும். புரோக்கர் இரண்டு பக்கமும் கொமிசன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாளைக்கு ஒரு கையெழுத்துப் பிழை என்று திணைக்களம் திருப்பி அனுப்பினால் யாரைத் தேடுவீர்கள்? மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி அந்த வாகனத்தின் பதிவு விபரத்தை எடுங்கள். அதில் உள்ள ஆளோடு நேரில் கதைக்காமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, ஃபோர்வீலுக்கு வருவோம். வீகோவில் நான்கு சில்லும் இழுக்கிற முறை, மணலுக்கும் சேற்றுக்கும் வழுக்குகிற இடத்துக்கும் மட்டும். காய்ந்த தார் வீதியில் போடக் கூடாது. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளை விடக் கூடத் தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் ஒரு டிஃப் (முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற கியர்த் தொகுதி) இல்லாததால் ஷாஃப்டும் கியரும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தேயும். மணற்காட்டு மணலிலோ வாடியடிக் கரையிலோ முறுக்கு மணலில் வழுக்கிப் போய்விடும், சேதம் இல்லை. மணலில் இறங்க முதல் ரயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள், படகோடு ஏறும்போது லோ கியரில் போடுங்கள். தார் வீதிக்கு வந்ததும் காற்று அடிக்க மறக்க வேண்டாம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதை வைத்துத்தான் புரோக்கர்மார் விளையாடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மிற்சுபிசியில் சூப்பர் செலக்ட் என்று ஒரு முறை உண்டு. அதற்கு நடுவில் டிஃப் இருக்கிறது, மழை பெய்கிற தார் வீதியிலும் நான்கு சில்லில் ஓடலாம். ட்ரெயிலர் இழுக்கிறவருக்கு அது உண்மையிலேயே நல்ல வசதி. மொன்ரரோவில் பெரும்பாலும் அது வரும். ஹைலக்ஸுக்குப் போட்டியான மிற்சுபிசி எல் 200 டபிள் கப்பிலும் வரும். ஆனால் எல்லா எல் 200 இலும் இல்லை! சிலவற்றில் ஈசி செலக்ட் என்ற சாதாரண முறைதான், ஹைலக்ஸ் மாதிரியே. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பின்கதவில் ஒட்டுகிற எழுத்தைக் கடையில் வாங்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது கியர்த் தடியின் பக்கத்தில் உள்ள குறி. 2 எச், 4 எச், 4 எல் என்று மூன்றே நிலை இருந்தால் சாதாரணம். 2 எச், 4 எச், 4 எச் எல் சி, 4 எல் எல் சி என்று நான்கு நிலை இருந்தால் சூப்பர் செலக்ட். அதிலும் நான்கு சில்லில் ஓடுகிற நிலைகளில் 4 எச் மட்டும்தான் தார் வீதிக்கு. எல் சி என்று முடிகிற இரண்டிலும் நடு டிஃப் பூட்டிவிடும், அவை மணலுக்கு. குறியைப் பார்த்தது போதாது, ஓட்டிப் பாருங்கள். 4 எச் இல் போட்டு ஒரு வெளியில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டம் அடியுங்கள். வாகனம் திக்கித் திக்கி இழுபட்டால் நடு டிஃப் வேலை செய்யவில்லை. சுத்தமான சசியோடு அப்படி ஒரு எல் 200 அகப்பட்டால், வீகோவை விட்டு அதை எடுக்கிறதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சாமான்? வீகோவின் சாமான் யாழ்ப்பாணக் கடைகளிலேயே கிடைக்கும். நீங்கள் மன்னாரில் நிற்கும்போது அங்குள்ள மெக்கானிக்குக்கும் அந்த எஞ்சின் கைப்பழக்கம்.

அந்த 3 லீற்றர் எஞ்சினில் ஒரு பலவீனம் உண்டு. டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வளையம் ஒழுகினால் புகைக்கரி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி, ஒயிலை உறிஞ்சுகிற வலையை அடைக்கும். எஞ்சின் இறுகிப் பிடித்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போக முதலே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

ஹொண்டா வெசல் மாதிரி சிறிய வாகனங்களில் ஃபோர்வீல் என்று எழுதியிருப்பதை நம்பிப் படகு கொழுவ வேண்டாம். மலைநாட்டுப் பயணத்துக்கு ஹைலக்ஸ் பின்பெட்டி வெறுமையாக இருந்தால் துள்ளும், பயணப் பைகளை அதில் போட்டால் கொஞ்சம் அடங்கும். றம்பொடை இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மாமியாருக்கு ஒரு படி பூட்டிவிடுங்கள்.

படகை இறக்கும்போது வாகனத்தின் பின் அச்சு கடலுக்குள் போகக் கூடாது. ட்ரெயிலரை நீளக் கயிற்றில் விடுங்கள். தூரம் ஓடிச் சூடான ட்ரெயிலர் பெயாரிங் குளிர்ந்த தண்ணீரைக் கண்டதும் உள்ளே உறிஞ்சும், அரை மணித்தியாலம் ஆறவிட்டு இறக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பலதும் உவர், அந்தத் தண்ணீரில் கழுவிப் பலன் இல்லை. நல்ல தண்ணீர் பௌசரில் வாங்கியாவது சசியின் உட்பக்கம் வரை அடியுங்கள்.

கடைசியாக ட்ரெயிலர். நிறுத்துப் பார்த்து 750 கிலோவைத் தாண்டினால், வாகனத்துக்கு முற்பணம் கொடுக்க முதல் ட்ரெயிலருக்குப் பிரேக் பூட்டுகிற வேலைக்குக் காசு ஒதுக்குங்கள். ட்ரெயிலரும் திணைக்களத்தில் பதிய வேண்டிய வாகனம்தான். வெல்டிங் கடைக்காரர் "அது தேவையில்லை அண்ணை" என்பார். விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பது ட்ரெயிலரின் பதிவுப் புத்தகத்தைத்தான், அப்போது அவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.