ஹக்கா நூடுல்ஸ் தெரியும், ஹக்கா மொழி?

கேள்வி: ஹோட்டலில் ஹக்கா நூடுல்ஸ் என்கிறார்களே, ஹக்கா என்பது ஊரா, ஆளா, மசாலாவா? (வாசகி, திருச்சி)

பதில்: ஆட்கள். அவர்கள் பேச்சுக்கும் அதே பெயர்தான். வடக்கிலிருந்து தென்சீனாவுக்குப் பிழைக்க வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் 'விருந்தாளிக் குடும்பம்' என்று அழைக்க, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கொல்கத்தா டாங்ராவில் தோல் பதனிட்டு வந்த சீனர்கள் இவர்கள்தான்; அங்கே ஒரு சீனக் காளி கோயில் இருக்கிறது, நைவேத்தியம் நூடுல்ஸ்! 1962 போர் வந்ததும் இந்தியச் சீனர்கள் பலரை ராஜஸ்தான் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அப்புறம் 1996இல் தோல் ஆலைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டொரன்டோவுக்குக் கிளம்பிப் போன குடும்பங்கள் ஏராளம். மிச்சமிருப்பவர்களுக்குக் கடையில் இந்தியும் வங்காளமும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வீட்டுக்குள் பெரியவர்களோடு மட்டும் ஹக்கா. இப்படியே எத்தனை தலைமுறை ஓடும்?

கேள்வி: அரசாங்கம் மனது வைத்தால் இப்படிப்பட்ட மொழியைக் காப்பாற்ற முடியாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: தைவானைப் பாருங்கள். ஒரு காலத்தில் பள்ளியில் ஹக்கா பேசினால் அபராதம், தண்டனையாகக் கழுத்தில் அட்டை. 1988 டிசம்பர் 28 அன்று 'எங்கள் தாய்மொழியைத் திருப்பிக் கொடு' என்று தைப்பே தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 2001இல் தனி அமைச்சகம் மாதிரி ஒரு ஹக்கா மன்றம், 2003இல் தனி டிவி சேனல், 2018இல் தேசிய மொழி அந்தஸ்து என எல்லாம் கிடைத்தது. ஆனாலும் பேரப்பிள்ளைகள் சீனப் பொதுமொழியான மாண்டரினில்தான் பதில் சொல்கிறார்கள், ஏனென்றால் ஹக்கா தெரியாததால் அவர்களுக்கு ஒரு வேலையும் நின்றுபோவதில்லை.

ஹக்காக்காரர்கள் நிறைய வாழும் இந்தோனேசியாவின் சிங்காவாங் நகரம் நேர் எதிர். அதிபர் சுகார்தோ காலத்தில் சீனப் பள்ளிகளை மூடினார்கள், சீன எழுத்துக்குத் தடை. அரசு உதவி என்று ஒரு பைசா இல்லை. ஆனால் சந்தையில் பேரம் நடந்தது ஹக்காவில், இன்றும் அங்கே அது சகஜமாகக் காதில் விழும். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த அட்டையைக் கழற்ற சட்டம்தான் வேண்டியிருந்தது. ஆனால் மீன் வாங்கவும் கடன் சொல்லவும் அந்த மொழி வேண்டும் என்கிற தேவை இருக்கிறதே, அதைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது.

கேள்வி: ஒரு ஹக்கா வாக்கியம் சொல்லுங்களேன்? (வாசகர், காரைக்குடி)

பதில்: 'சிட் பாவ் மாங்?' ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறும், இது தைவானில் கேட்பது. அர்த்தம், 'சாப்பிட்டாச்சா?' நம்மைப் போலவே அவர்களும் சாப்பாடு போடுவதற்காகக் கேட்பதில்லை.