கலியாண எழுத்து கேட்கும் இருவருக்காக ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் தலைவராக இருக்கிறேன். எங்கள் ஊரில் முப்பது வயது கடந்த இரண்டு பெண்கள் சில வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். கலியாண எழுத்து (திருமணப் பதிவு) எழுத வழியுண்டா என்று என்னிடம் கேட்டார்கள். ஒருவருடைய அண்ணன்மார் கடும் எதிர்ப்பு. வீட்டுக்கு வந்து மிரட்டியும் இருக்கிறார்கள். மாதர் சங்கத் தலைவியும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் நானும் சேர்ந்து இப்படியானவர்களின் திருமண உரிமைக்காக வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எங்கே சறுக்கும்?

பதில்: ஐயா, முதலில் அந்த இருவருக்குமான பதில். இன்றைய சட்டப்படி எழுத முடியாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆண் தரப்பு, பெண் தரப்பு என்ற அமைப்பிலேயே நிற்கிறது. கண்டியச் சட்டத்திலும் முஸ்லிம் திருமணச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை. கோயிலில் தாலி கட்டினாலும் சட்டம் அதைத் திருமணமாக எடுக்காது. ஆணும் பெண்ணும் எழுத்தில்லாமல் சடங்கு செய்து ஊரறிய வாழ்ந்திருந்தால் நீதிமன்றம் சில வேளைகளில் திருமணத்தை ஊகித்துக்கொள்ளும்; இரு பெண்களுக்கு அந்த ஊகம் கிடைக்காது. சடங்கு செய்வதையே குற்றமாக்கும் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் பதிவாளருக்குக் கொடுக்கும் அறிவித்தலில் பொய் விவரம் எழுதுவது குற்றம். யாராவது ஒருவரின் பாலினத்தை மாற்றி எழுதிச் சமாளிக்கலாம் என்று ஆலோசனை சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

திருநர்களின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைகளின்படி, மனநல மருத்துவ நிபுணரின் மதிப்பீட்டுக்குப் பின் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் பாலினத்தைத் திருத்தலாம். தன்பாலீர்ப்புள்ள இரு பெண்களுக்கு இந்த வழி பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினால் இரு தரப்புக்கும் கெடுதல்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. திருமண உரிமைக்கு முன்னே ஒரு குற்றவியல் தடை நிற்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உறவுக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. 365அ பிரிவு இரண்டு வருடம் வரை. முன்பு ஆண்களை மட்டும் குறித்த 365அ, 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தத்தால் பெண்களையும் பிடிக்கும்படி அகன்றது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வதைக் குற்றம் என்று வைத்துக்கொண்டு அதே இருவருக்குத் திருமணப் பதிவு கேட்க முடியாது. ஆகவே உங்கள் கோரிக்கைக்கு இரண்டு படி: முதலாவது 365, 365அ பிரிவுகளிலிருந்து மனமொத்த வயது வந்தோரை விடுவிப்பது. இரண்டாவது திருமணச் சட்டத் திருத்தம். இரண்டாவதை ஒளிக்க வேண்டியதில்லை. கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்.

"வழக்குப் போட்டால் என்ன?" என்று அதிபர் நிச்சயம் கேட்பார். அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரை, 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. 80(3)ஆம் உறுப்புரை, நிறைவேறிவிட்ட சட்டத்தின் செல்லுபடியைப் பின்னர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க விடாது. இந்தியாவில் 2018 செப்டெம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைக் கட்டுப்படுத்தியதுபோல் இங்கே, நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றத்தால் செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான். 2016இல் ஒரு மேன்முறையீட்டில், வயது வந்தோரின் மனமொத்த உறவை அரசு கண்காணிக்கக்கூடாது என்ற சமகாலச் சிந்தனையை உயர் நீதிமன்றமே குறிப்பிட்டது. சிறைத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, குற்றத்தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. எனவே உங்கள் முகவரி பாராளுமன்றம்.

அங்கே ஒரு திறந்த கதவு இருக்கிறது. பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த தனி உறுப்பினர் சட்டமூலம் 365, 365அ பிரிவுகளைத் திருத்த முனைந்தது. அது அரசியலமைப்புக்கு முரணல்ல, சாதாரண பெரும்பான்மையே போதும் என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அந்தச் சட்டமூலம் காலாவதியானது. சட்டமூலம் போனாலும் தீர்மானம் இருக்கிறது. "மூன்றில் இரண்டு வேண்டும், சர்வசன வாக்கெடுப்பு வேண்டும்" என்று யாராவது தட்டிக்கழித்தால் அதைக் காட்டுங்கள். ஆனால் அதே வாதத்தைத் திருமணச் சட்டத்துக்கு நீட்டாதீர்கள். 2024 ஜூனில் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு விசேட பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று உயர் நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தது. எல்லாவற்றையும் ஒரே சட்டமூலத்தில் கட்டினால் எல்லாமே சேர்ந்து விழும். அதனால்தான் படியைப் பிரிக்கச் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024இல் ஆறு ஆசனங்கள். அந்த ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பொதுக் கடிதம் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். ஒரு பக்கம் போதும். கேள்வியைக் குறுக்குங்கள்: 365, 365அ திருத்தத்துக்கு வாக்களிப்பீர்களா, இல்லையா? ஓர் உறுப்பினர் இணங்கினால், பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு அவர் மூலம் மனுச் சமர்ப்பிக்கலாம்; உறுப்பினர் ஒருவர் முன்வைக்காமல் மனு அங்கே போகாது. பிரதேச சபைத் தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது, ஆனாலும் கடிதத்தோடு இணைக்க நல்ல கடதாசி. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா.வின் சீடோ குழு, இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசானா பிளேமர் கல்தேராவின் முறைப்பாட்டில் 2022இல் தந்த முடிவையும் குறிப்பிடுங்கள்: பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக வைத்திருப்பது சர்வதேசக் கடப்பாட்டை மீறுவது என்று அது சொன்னது.

ஊருக்குள் பேசும்போது பிழையான தகவல்தான் அதிகம் கெடுக்கும். "இந்தியாவில் தன்பாலினத் திருமணம் சட்டமாகிவிட்டது" என்று யாராவது மேடையில் சொன்னால் எதிர்த்தரப்பு அந்த இடத்திலேயே பிடிக்கும். 2023 அக்டோபர் 17இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை வழங்க மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் சொன்னது, திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தில் "மணமகள்" என்பது. அதற்கு இங்கே கட்டாய வலு இல்லை, ஆனால் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்போருக்குத் தமிழ்நாட்டு நீதிமன்றமே பதில் சொல்வது பயன்படும். ஆசியாவில் தாய்வான் 2019இலும் தாய்லாந்து 2025 ஜனவரியிலும் திருமணத்தைத் திறந்தன. நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பின் 2023 நவம்பரில் முதற் பதிவு நடந்தது. எங்களுக்கு இன்னும் நெருக்கமான பட்டியல் ஒன்று உண்டு: கனடா 2005, நோர்வே 2009, பிரான்ஸ் 2013, ஜேர்மனி 2017, சுவிட்சர்லாந்து 2022. யாழ்ப்பாணத்து வீடுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தச் சட்டங்களுக்குள்தான் வாழ்கிறார்கள். ரொறன்ரோவில் ஒருத்தி மணமுடித்தவளாக இருந்து, பலாலியில் இறங்கியதும் சட்டத்தின் முன் யாருமில்லாதவளாக ஆகிறாள் என்பதை மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னால் விளங்காதவர் குறைவு.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்: அந்த இருவரையும் உதாரணமாகக் காட்டுவது. "எங்கள் ஊரில் இரு பெண்கள் கணவன் மனைவிபோல் வாழ்கிறார்கள்" என்று கடிதத்தில் எழுதிய அந்த வரி, 365அ நடைமுறையில் இருக்கும்வரை, அவர்களுக்கு எதிரான முறைப்பாடாக மாறலாம். பெயர், வீதி, வேலைத்தலம் எதுவும் வேண்டாம். வட்சப் குழுவில் படம் வேண்டாம். கையெழுத்துப் பட்டியலில் பெரியவர்களின் பெயரே இருக்கட்டும். பழி உங்கள் மேல் விழுந்தால் நீங்கள் தாங்குவீர்கள், அவர்கள் வேலையும் வீடும் இழப்பார்கள். அண்ணன்மாரைச் சமாதானப்படுத்தப் போய், "ஆறு மாதம் பிரிந்திருந்து பார்க்கட்டும்" என்று பஞ்சாயத்து முடிவு சொல்லிவிட்டு வருவதும் அவர்களுக்குச் செய்யும் துரோகம். அவர்கள் இருவரும் வயது வந்தவர்கள். அந்த விடயத்தில் முடிவு சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

மிரட்டலுக்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனை மட்டும் குறிப்பதல்ல. பெற்றோர், சகோதரர் இழைக்கும் வன்முறைக்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றில் விண்ணப்பித்தால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, விசாரணைக்குப் பின் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். விண்ணப்பத்தில் அண்ணன் செய்ததை மட்டும் எழுதினால் போதும். இருவரின் உறவை விவரிக்கத் தேவையில்லை. பொலிஸார் முறைப்பாட்டை ஏற்க மறுத்தாலோ, உறவைக் கிளறி அவமதித்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். அவசர இலக்கம் 1996. ஒரு மாதத்துக்குள் போவது முக்கியம். அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றம் தரும் அவகாசமும் ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

சட்டம் மாறும்வரை அவர்களின் வாழ்வைக் கடதாசியால் கட்ட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இங்கே கையை விரிக்கிறது: தேடியதேட்டம் (கலியாண காலத்தில் தேடிய சொத்து) என்பது கணவன் மனைவிக்கு மட்டும். இருவர் உழைப்பில் வாங்கிய காணி ஒருவர் பெயரில் இருந்தால் மற்றவருக்கு ஒரு பரப்பும் கிடையாது, இறந்தால் இரத்த உறவுக்கே போகும். ஆகவே வாங்கும்போதே இருவர் பெயரிலும், போட்ட பணத்துக்கேற்ற பங்கோடு, உறுதி முடியுங்கள். அதோடு விட்டால் போதாது. ஒருவர் இறந்தால் அவரது பங்கு தானாக மற்றவருக்குப் போகாது. இருவரும் மரணசாதனம் (உயில்) எழுத வேண்டும். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். நொத்தாரிசு வழியே நல்லது, அண்ணன்மார் பின்னர் வழக்குக்குப் போவார்கள் என்று வைத்தே எழுதுங்கள். பயன்பெறுபவர் சாட்சியாக ஒப்பமிட்டால் அவருக்கு எழுதியது வீணாகும். சுகமாக இருக்கும்போதே எழுதுங்கள், நிறைவேற்றுபவராகத் துணையின் பெயரைப் போடுங்கள். இருவரில் ஒருவர் வற்புறுத்தலால் பின்னர் ஓர் ஆணை மணமுடித்தால் பழைய மரணசாதனம் அந்தக் கலியாணத்தோடு இரத்தாகிவிடும். இது பலருக்குத் தெரியாது.

முதுசக் காணியின் (பரம்பரையாக வந்த காணியின்) பிரிக்கப்படாத பங்கைத் துணைக்கு விற்கப் போனால் சகபங்காளருக்கும், வாரிசாகக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. நன்கொடைக்கு அது இல்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு நன்கொடை என்று எழுதினால் அதை உடைக்கலாம். உண்மையான நன்கொடை என்றால் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு முடியுங்கள், நன்கொடையை இலகுவில் மீளப்பெற முடியாது. வன்னிப் பக்கம் பேமிட் காணி (அரச அனுமதிப்பத்திரக் காணி) இருந்தால் மரணசாதனம் உதவாது. பின்னுரித்தாளர் சட்டம் குறிக்கும் உறவுமுறைக்குள் இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில் பின்னுரித்தாளராக யாரையும் குறிக்கலாம், உறவு தேவையில்லை. அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்துப் பதிந்து வைத்தால் அலுவலக வேலைகளுக்கு உதவும், ஆனால் கொடுத்தவர் இறந்ததும் அது செத்துவிடும். போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது அழைக்க வேண்டியவராகத் துணையின் பெயரையும் இலக்கத்தையும் நோயாளியே சொல்லிப் பதிவிக்கலாம். எந்தக் கடதாசியாலும் பெறமுடியாதவையும் உண்டு: அரச ஊழியரின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம், இருவரும் சேர்ந்து பிள்ளை தத்தெடுப்பது, வெளிநாட்டுத் துணைக்கு வாழ்க்கைத்துணை வீசா. பாராளுமன்ற உறுப்பினருக்கான கடிதத்தில் "ஏன் திருமணம்தான் வேண்டும்?" என்ற கேள்விக்கு இந்த மூன்றையும் எழுதுங்கள்.

கட்டணம் கொடுக்க இயலாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் வருமானச் சோதனைக்குப் பின் சட்டத்தரணி கிடைப்பார். முதல் சந்திப்புக்கு அந்த இருவரும் தாங்களாகவே போகட்டும். நீங்கள் வெளியே இருங்கள். சட்டத்தரணியிடம் சொல்வது இரகசியமாக இருக்கும், நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டால் அந்தப் பாதுகாப்பு பலவீனப்படும்.