அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் தேசியப் போட்டி: கேட்டதும் சொன்னதும்

பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. சரி, ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. தேசியப் போட்டியில் விழும் மதிப்பெண்ணை உலகச் சாதனை என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சொந்த ஊர் நடுவர்களுக்குக் கை கொஞ்சம் தாராளம்.

மதுரைக்காரன்: முதல் போட்டி எப்போது நடந்தது?

1914, கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன். ஆண்களில் நார்மன் ஸ்காட், பெண்களில் தெரேசா வெல்ட் வென்றார்கள். அடுத்தது 1918இல்தான். போட்டியை நடத்தும் இன்றைய அமெரிக்கச் சங்கம் 1921இல் உருவானது. அதாவது சங்கத்தைவிடப் போட்டிக்கு வயது அதிகம்.

ஈரோடு அம்மா: என் பையனுக்கு எட்டு வயது. நாலு சக்கர ஸ்கேட் வாங்கலாமா, இன்லைன் வாங்கலாமா?

அது ரோலர் ஸ்கேட்டிங், அம்மா. எனக்குத் தெரியாத துறை. பக்கத்தில் பயிற்சி தருபவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குளிர்காலம்: நாலாவது இடத்துக்கும் பதக்கமாமே?

ஆமாம். பியூட்டர் என்ற வெள்ளீயக் கலப்பு உலோகத்தில் செய்தது.

ரசிகை: தேசியப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடித்தால் ஒலிம்பிக் போகலாம், சரிதானே?

தவறு. அணியைத் தேர்வுக் குழு முடிவு செய்கிறது. தேசியப் போட்டி அவர்கள் பார்க்கும் கணக்குகளில் ஒன்று, அவ்வளவுதான். 2014 பாஸ்டன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மிராய் நாகாசு மூன்றாவது, ஆஷ்லி வாக்னர் நான்காவது. அந்த வருட ஒலிம்பிக் நடந்த சோச்சிக்குப் போனவர் வாக்னர். முந்தைய சர்வதேசப் போட்டிகளில் அவர் காட்டிய திறமையைக் குழு பெரிதாக எடுத்துக்கொண்டது. எனக்கு அந்த முடிவில் தவறு தெரியவில்லை; நாகாசு அழுதபோது மனசு கேட்கவில்லை என்பது வேறு விஷயம். நான்கு வருடம் கழித்து அவரே அணிக்குள் வந்து, ஒலிம்பிக்கில் டிரிபிள் ஆக்சல் (காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றும் தாவல்) தாவி இறங்கிய முதல் அமெரிக்கப் பெண் ஆனார். 2006இல் மிஷெல் குவான் காயத்தால் தேசியப் போட்டியில் ஆடவே இல்லை. ஆனாலும் அணியில் இடம் கொடுத்தார்கள். ஒலிம்பிக்குக்காக டுரின் போன பிறகு காயம் படுத்தியதால் அவரே விலகினார்.

நெல்லை வாசகர்: 1961 விபத்து பற்றிச் சொல்லுங்கள்.

அந்த ஜனவரியில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் லாரன்ஸ் ஓவன் என்ற 16 வயதுப் பெண் பட்டம் வென்றாள். அக்கா மாரிபெல் ஜோடிப் பிரிவில் சாம்பியன். இருவருக்கும் பயிற்சி தந்தவர் அம்மா மாரிபெல் வின்சன் ஓவன். பிராகில் உலகப் போட்டி. அணி முழுவதும் ஒரே விமானத்தில் கிளம்பியது. பிப்ரவரி 15 காலை பிரஸ்ஸல்ஸ் அருகே விமானம் விழுந்து, உள்ளே இருந்த 72 பேரும் போனார்கள். அணியின் 18 ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த வருட உலகப் போட்டியே ரத்தானது. பயிற்சியாளர்களும் கூடவே போய்விட்டதால் கற்றுத்தரவும் ஆள் இல்லை. பயிற்சியாளரைப் பறிகொடுத்தவர்களில் சிறுமி பெகி ஃபிளெமிங்கும் ஒருத்தி. 1964இலிருந்து 1968 வரை தொடர்ந்து ஐந்து தேசியப் பட்டம், 1968இல் ஒலிம்பிக் தங்கம் எல்லாம் அந்தச் சிறுமி பிறகு வாங்கியவை.

விடாக்கண்டன்: 1994இல் டான்யா ஹார்டிங்கின் பட்டத்தைப் பறித்தார்கள். இரண்டாவது வந்த மிஷெல் குவானுக்குக் கொடுத்திருந்தால் அவருடைய தேசியப் பட்டங்கள் மொத்தம் 10 ஆகியிருக்குமே?

ஆகியிருக்கும். கொடுக்கவில்லை. அந்த வருடத்துப் பெண்கள் பட்டம் காலியாகவே இருக்கிறது. கணக்கில் குவானுக்கு 9, மாரிபெல் வின்சனுக்கு 9.

விடாக்கண்டன்: அநியாயம். ஊக்கமருந்தில் மாட்டினால் அடுத்தவருக்குத் தங்கம் போகிறதே? 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் அணிப் போட்டித் தங்கம் அமெரிக்காவுக்கு வந்ததே?

வந்தது, 2024இல் பாரிஸில் கையில் கொடுத்தார்கள். ஆனால் அங்கே ஊக்கமருந்தில் மாட்டிய ரஷ்யாவின் வலியேவாவின் ஆட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கியதும் புள்ளிகள் மாறின. 1994 தேசியப் போட்டி நடந்த டெட்ராய்ட்டில் யாருடைய ஆட்டத்தை நீக்குவீர்கள்? ஜனவரி 6ஆம் தேதி பயிற்சி முடித்து வந்த நான்சி கெரிகனை, ஹார்டிங்கின் முன்னாள் கணவர் தரப்பு ஏவிய ஆள் தடியால் அடித்தான். நடப்பு சாம்பியன் களத்தில் இறங்கவே முடியவில்லை. அநியாயம் நடந்தது கெரிகனுக்கு. 13 வயதுக் குவான் கெரிகனோடு மோதி இரண்டாவது வரவில்லை. காலியாக விட்டதுதான் நியாயம்.

குளிர்காலம்: ஹார்டிங் பற்றிய ‘ஐ, டான்யா’ படத்தில் காட்டியதெல்லாம் உண்மையா?

படம் பார்த்து வரலாறு பேசாதீர்கள்.

விடாக்கண்டன்: வின்சனின் ஒன்பதும் குவானின் ஒன்பதும் ஒன்றா? அந்தக் காலத்தில் போட்டியே கம்மி.

விடமாட்டீர்கள் போல. அந்தக் காலத்தில் முக்கால்வாசி சண்டை பனியில் எட்டு வடிவம் கீறுவதில்தான். டிரிபிள் தாவல் என்ற பேச்சே கிடையாது. குவானிடம் அந்தக் கோடுகளைக் கீறச் சொன்னாலும் திண்டாடியிருப்பார், வின்சனிடம் டிரிபிள் லட்ஸ் என்ற மூன்று சுற்றுத் தாவலைக் கேட்டாலும் அதே கதி. இன்னொன்றும் சொல்கிறேன். விபத்தில் போன மாரிபெல் அம்மாதான் நீங்கள் குறைத்துப் பேசும் இந்த வின்சன். அவரிடம் படித்த பையன் ஃபிராங்க் கரோல். குவானுக்கு முதல் ஐந்து தேசியப் பட்டங்கள் வரை பயிற்சி தந்தவர் அதே கரோல். 2005இல் போர்ட்லண்டில் குவான் ஒன்பதாவது பட்டம் வாங்கி, தன் குருவின் குருவோடு சமமாக நின்றார். இதில் நீங்கள் யாரை யாருக்கு எதிராக நிறுத்துகிறீர்கள்?

விடாக்கண்டன்: ஆனாலும் 10 தான்.

சரி, உங்கள் வீட்டுக் கணக்கில் 10.

பனித்துளி: மிக இளைய சாம்பியன் யார்?

அலிசா லியு. 2019இல், 13 வயதில். அதுவும் டெட்ராய்ட்டில்தான். அதற்கு முன் 1997இல் 14 வயதில் குவானைத் தோற்கடித்த டாரா லிப்பின்ஸ்கி.

சேலம் தம்பி: அண்ணா, தேசியப் போட்டியில் முதல் மூன்று பேர் ஒலிம்பிக்...

தம்பி, ரசிகைக்குச் சொன்ன பதிலைப் படி.

புதியவன்: அமெரிக்க ஆட்டக்காரர் இலியா மாலினின் தேசியப் போட்டியில் வாங்கிய மதிப்பெண் உலகச் சாதனையா?

முதல் பத்தி.