நானோ இழைச் சாரத்தில் எலும்பு வளருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எலும்பு கெட்டியானது. அதை வளர்க்கும் சாரமாக, அதாவது செல்கள் பற்றி வளரும் தாங்கு சட்டமாக, பஞ்சு மாதிரி இருக்கும் நானோ இழை எதற்கு?

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைகள். அவற்றின் தடிமன் சில பத்து நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை. எலும்பைக் கட்டும் செல்கள் பழகிய தளம் அதுதான். நாம் நூற்கும் இழையும் அதே அளவில் இருந்தால் அவை நன்றாகப் பற்றிக்கொள்கின்றன.

எலெக்ட்ரோஸ்பின்னிங்கில் (பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் ஊசியிலிருந்து மெல்லிய இழையாக இழுக்கும் முறை) பாலிகாப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெல்லச் சிதையும் பாலிமரின் இழை நடுவே மணி மணியாக வருகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டவா?

முதலில் கரைசலின் செறிவைக் கூட்டுங்கள். பாலிமர் சங்கிலிகள் போதிய அளவு பின்னிக்கொள்ளாவிட்டால், பரப்பு இழுவிசை ஊசியிலிருந்து பாயும் கரைசல் தாரையைத் துளிகளாகச் சுருட்டிவிடும். மின்னழுத்தத்தில் கை வைப்பது அப்புறம்.

செல்கள் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. இழைப் படலத்தை இன்னும் தடிமனாக்கினால் சரியாகுமா?

ஆகாது. இந்தத் துறையின் பெரிய சிக்கலே இதுதான். நெருக்கமாகப் படிந்த நானோ இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர்தான். எலும்புச் செல்லோ 20 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். ரத்தக்குழாயும் எலும்பும் சேர்ந்து உள்ளே வளர 100 மைக்ரோமீட்டராவது வேண்டும், 300 இருந்தால் நல்லது. படலம் தடித்தால் உள்பகுதிக்கு ஆக்சிஜன் போவதும் குறையும்.

நீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழையைச் சேர்த்து நூற்று, பிறகு கழுவி எடுத்தால் இடைவெளி கிடைக்கும். என் விருப்பம் வேறு: பெரிய துளைகள் கொண்ட முப்பரிமாண அச்சுச் சட்டம், அதன் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய நானோ இழை. வலு சட்டத்திலிருந்து வரும், பிடிப்பு இழையிலிருந்து வரும். எந்த வழியில் போனாலும் சாரத்தைக் குறுக்கே வெட்டி, செல் கருக்களுக்குச் சாயமேற்றிப் பாருங்கள். மேலிருந்து எடுத்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை மட்டும் வைத்து, செல்கள் உள்ளே போய்விட்டதாக முடிவுகட்டாதீர்கள்.

எலும்பிலுள்ள தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் துகள்களைக் கரைசலில் நிறையச் சேர்த்தால் நல்லதுதானே?

அளவு மீறினால் துகள்கள் கட்டிபட்டு ஊசியை அடைக்கும், இழையும் நொறுங்கும். அதற்குப் பதிலாக, நூற்ற இழையை சோடியம் ஹைட்ராக்சைடில் நனைத்து நீர் ஒட்டும்படி செய்து, உடல் திரவத்தை ஒத்த கரைசலில் ஊறவையுங்கள். தாது இழையின் மேலேயே, செல் தொடும் இடத்தில், படியும்.

முறிந்த தொடை எலும்புக்கு இதை வைக்கலாமா?

தனியாக வைக்க முடியாது. தொடையின் புற எலும்பு 100 மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும். இழைப் படலம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. தாடை எலும்பின் குறைபாட்டை மூடும் தடுப்புப் படலமாக இது நன்றாகப் பொருந்தும். எலும்பு மெல்ல வளரும், ஈறுத் திசு வேகமாக முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். செல்லை உள்ளே விடாத அதே சின்னத் துளைகள் இங்கே ஈறை வெளியே நிறுத்துகின்றன.